குடம்புளி மாத்திரை

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டு வலி எப்போதும்போலத்தான். நீ டீம் லீடர் ஆனதை அவள் கோயிலில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். எங்களுக்கே அதைச் சித்தி மகன் சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது, சரி போகட்டும்.

தீபாவளிக்கு வந்தபோது அம்மா சார்ஜர் தேடப் போய் உன் பையில் ஒரு மாத்திரை டப்பாவைப் பார்த்தாளாம். ‘கார்சீனியா’, எடை குறைக்க என்று விற்கிற மாத்திரை. மீன் குழம்பில் போடுகிற நம்ம குடம்புளிதான் மக்களே. குழம்பில் இரண்டு துண்டு கிடந்தால் ஒன்றும் செய்யாது. அதன் தோலிலிருந்து ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலத்தைச் செறிவாக எடுத்து விழுங்குவது வேறு. 1998-இல் வந்த அமெரிக்க ஆய்வில் 135 பேரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். மருந்தே இல்லாத சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களுக்கு எடை ஒன்றும் கூடுதலாகக் குறையவில்லை. இதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. காலமெல்லாம் மருந்துக் கடையில் நின்றவன் சொல்கிறேன், நிறுத்திவிடு.

குடல் பாக்டீரியாவை மாற்றினால் எடை குறையும் என்று போனில் சொன்னாயே, அது முழுப் பொய் இல்லை. 2013-இல் இரட்டைச் சகோதரிகளில் பருமனானவளின் குடல் கிருமிகளை எலிக்குக் கொடுத்தார்கள், எலி கொழுத்தது. ஒல்லியானவளின் கிருமிகள் போன எலி கொழுக்கவில்லை. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டபோது ஒல்லி எலியின் கிருமிகள் மற்றதன் குடலிலும் குடியேறின, அதுவும் கொழுப்பு குறைவாகவும் நார்ச்சத்து நிறைவாகவும் உள்ள தீனி போட்டபோது மட்டும். கொழுப்புத் தீனிக்கு அவை ஒட்டவே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா ஆர்டர் போட்டுவிட்டு மாத்திரை விழுங்கினால் எந்தக் கிருமி நிற்கும்? சின்ன உள்ளியும் பூண்டும் வாழைப்பூவும் பயறும் சாப்பிடு. அவற்றின் நாரைத்தான் அந்தக் கிருமிகள் தின்னும்.

ஆவணியில் வந்துபோனவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவர்கள் மகனும் ஒன்றும் மன்மதன் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ அனுப்புகிற போட்டோ எல்லாவற்றிலும் யார் பின்னாலாவது நிற்கிறாய். முன்னால் வந்து நில்லு மக்களே. முகம் தெரியவில்லை என்று அம்மா சண்டை போடுகிறாள்.

மாத்திரையை நிறுத்து. இந்த வாரமே கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு. கண் மஞ்சளாகவோ மூத்திரம் கடும் மஞ்சளாகவோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. எனக்கு அப்புறம் சொன்னால் போதும்.

பார்சலில் சிறுபயறும் உள்ளியும் வருகிறது. முறுக்கு அம்மா வைத்தது, நான் இல்லை.

அப்பா