மேடையில் இரண்டு பக்கம்: மாலதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாலதி,

உன் நாடகப் பிரதி கிடைத்தது. முழுக்கப் படித்துவிட்டேன். கருவைக் கலைக்கவே கூடாது என்று அக்காவும், கலைத்தே தீருவேன் என்று தங்கையும் மல்லுக்கட்டுகிறார்கள். வசனத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டிருக்கிறாய். ஆனாலும் தராசு தங்கை பக்கமே சாய்கிறது. அக்கா வாயைத் திறந்தால் யாராவது குறுக்கிடுகிறார்கள்; தங்கை பேசி முடித்தால் மேடையே அமைதியாகிறது. பார்ப்பவர்கள் முடிவெடுப்பது அந்த அமைதியில்தான். அக்காவுக்கும் அதைக் கொடு.

அதைவிடப் பெரிய குறை, இருவர் பேச்சும் மோதவே இல்லை. அக்கா பாவம் என்கிறாள், தங்கை வேலை போய்விடும் என்கிறாள். "பேச வாயில்லாத உயிருக்கு உரிமையும் இல்லையா?" என்று அக்கா கேட்கட்டும். "அது வளர என் உடம்பு வேண்டும். கொடுத்தே ஆகணும் என்று சொல்ல நீ யார்?" என்று தங்கை திருப்பிக் கேட்கட்டும். நீ எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், எதிர்ப்பக்கத்துக்கு உன் மிகச் சிறந்த வரிகளை எழுது.

மூன்றாம் காட்சியில் தகவல் பிழை இருக்கிறது. கணவன் கையெழுத்து இல்லாமல் சட்டம் அனுமதிக்காது என்று டாக்டர் சொல்கிறார். கதை இந்தியாவில் நடக்கிறது. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். ஆனால் பல மருத்துவமனைகளில் கணவன் கையெழுத்தைக் கேட்கத்தான் செய்கிறார்கள். அதனால் காட்சியை வெட்டாதே. நர்ஸ் பழக்கத்தில் கேட்கட்டும், தங்கை சட்டத்தைச் சொல்லி மறுக்கட்டும். மோதல் இன்னும் கூர்மையாகும்.

வாரக் கணக்கையும் பார். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்துதான் டாக்டர்கள் எண்ணுவார்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும், அதுவும் குறிப்பிட்ட சில பிரிவினருக்கு மட்டும். நீ எழுதியிருக்கும் 22 வாரத்தில் தங்கை எந்தப் பிரிவிலும் வரமாட்டாள். 11 வாரமாக்கிவிடு. கருத்தடை தோற்றுப்போனது என்பதே அப்போது ஏற்கப்படும் காரணம்.

கடைசிக் காட்சியின் குழந்தை அழுகுரலை எடுத்துவிடு. அந்த ஒரு ஒலி அதுவரை நடந்த வாதம் அத்தனையையும் விழுங்கிவிடும்.

ஒத்திகையில் ஒருநாள் இரு நடிகைகளையும் வேடம் மாற்றி வாசிக்கச் சொல். எந்த வரியில் நம்பிக்கையில்லாமல் தடுமாறுகிறார்களோ, அதைத் திருப்பி எழுது. மூன்றாம் காட்சியைத் திருத்தியதும் உடனே அனுப்பு.

அன்புடன்,
சாந்தி