நிலத்தடி ஆற்றுப் படகில் தமிழும் ஒலிக்க வேண்டி மனு

அனுப்புநர்:
பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படிக்கும் மாணவி ஒருத்தியின் தாய்,
சேதுபாவாசத்திரம், தஞ்சாவூர் மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா.

பெறுநர்:
பூங்காக் கண்காணிப்பாளர் அவர்கள்,
புவர்ட்டோ பிரின்செசா நிலத்தடி ஆற்றுத் தேசியப் பூங்கா,
பலவான், பிலிப்பைன்ஸ்.

பொருள்: குகைப் படகில் தரும் ஒலி வழிகாட்டியில் தமிழைச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன கோடையில் மகளைப் பார்க்க வந்தபோது, அவளோடு உங்கள் பூங்காவுக்கும் வந்தேன். நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள். ஆங்கிலம் காதில் விழும், புரியாது. அதனால் மனுவைத் தமிழிலேயே எழுதி, மகள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன்.

சபாங் துறையில், பங்கா என்று அங்கே சொல்லும் பக்கக் கட்டை வைத்த படகில் ஏறி, அக்கரையில் இறங்கி, காட்டு வழியே கொஞ்சம் நடந்து, ஆறு ஓடும் குகையின் வாசலுக்கு வந்தோம். ஹெல்மெட் மாட்டி, காதில் கருவியை வைத்துக்கொண்டு துடுப்புப் படகில் உட்கார்ந்தோம். உள்ளே யாரும் பேசக் கூடாது. வௌவாலும் உழவாரக் குருவியும் தங்கள் சத்தத்தின் எதிரொலியைக் கேட்டுத்தான் அந்த இருட்டில் வழி பார்க்கின்றன. அதைக் கெடுக்காமல் இருக்க இந்த விதி. மிக நல்ல விதி, அதைத் தளர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை.

ஆனால் உள்ளே நடந்தது இது. காதுக் கருவியில் ஏதோ சொன்னதும் எனக்கு முன்னால் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து நானும் திரும்பினேன். அதற்குள் படகோட்டியின் விளக்கு அடுத்த பாறைக்குப் போய்விட்டது. முக்கால் மணி நேரமும் இப்படியே. மகள் என் காதருகே குனிந்து, “அம்மா, அது பூண்டு மாதிரி…” என்று தொடங்கினாள். படகோட்டித் தம்பி சிரித்துக்கொண்டே உதட்டில் விரல் வைத்தார். அவர் செய்தது சரி. அப்புறம் அவள் வாய் திறக்கவில்லை.

கரைக்கு வந்த பிறகுதான் மகள் விவரம் சொன்னாள். ஆறு 8.2 கிலோமீட்டர் நீளம், நேராகக் கடலில் விழுகிறது, கடலின் ஏற்றவற்றம் குகைக்குள்ளும் தெரியும் என்றாள். நான் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். உள்ளே இருக்கும்போதே அது தெரிந்திருந்தால், ஏற்றமா வற்றமா என்று பாறையின் ஈரத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பேன்.

இன்னொன்றும் சொன்னாள். அந்தக் குகைப் பாறையில் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுக்கு முந்தைய கடற்பசுவின் எலும்பு பதிந்திருக்கிறதாம். எங்கள் கடலிலும் கடற்பசு உண்டு, நாங்கள் ஆவுளியா என்போம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் எங்கள் அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் மாட்டிய ஆவுளியாவை, வலையை அறுத்து விட்டவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்த உயிரின் மூதாதை உறவு கிடக்கும் குகைக்குள் போய்வந்தும், அந்த எலும்பு நான் போன வழியில் இருந்ததா, இன்னும் உள்ளேயா என்பதுகூடத் தெரியாமல் திரும்பினேன். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

என்னைப் போல் வருபவர்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். டாவோவில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் மருத்துவம் படிக்கிறார்கள். 2025 ஜூன் முதல் இந்தியர் 14 நாள் வரை விசா இல்லாமல் சுற்றுலா வரலாம். சிங்கப்பூர், மலேசியாத் தமிழர்களுக்கும் பலவான் பக்கம்தான்.

ஆகவே, ஒலி வழிகாட்டியில் தமிழையும் ஒரு மொழியாகச் சேர்க்க வேண்டுகிறேன். படகேறும் முன் சொல்லும் பாதுகாப்பு விதிகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுத் தந்தாலும் பெரிய உதவி. செலவு பற்றித் தயங்க வேண்டாம். ஆங்கில உரையைக் கொடுத்தால் மகளும் அவள் தோழிகளும் மொழிபெயர்த்துத் தருவார்கள், குரலும் கொடுப்பார்கள். காசு எதுவும் வேண்டாம். நீங்கள் சரிபார்த்துத் திருத்தலாம்.

1992 முதல் உங்கள் நகர அரசே நடத்திவரும் பூங்கா என்பதால், முடிவு உங்கள் ஊரிலேயே எடுக்க முடியும் என்று நம்புகிறேன். மகளின் படிப்பு முடிவதற்குள் இன்னொரு முறை வருவேன். அதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: ஆங்கில மொழிபெயர்ப்பு, மகளும் தோழிகளும் பதிவுசெய்த மாதிரி ஒலிப்பதிவு.