ஸ்விட்சில் மல்டிகாஸ்ட் அமைப்பவர்கள் கவனத்துக்கு

நண்பர்களுக்கு வணக்கம். "கேமரா படம் நாலு நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் நின்னுடுது" என்று இந்த வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்றிலும் கதை ஒன்றுதான்: ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை (மல்டிகாஸ்ட், அதாவது ஒரே நேரத்தில் பலருக்குப் போகும் ஓடையை, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் வசதி) ஆன் செய்திருக்கிறார்கள், குவெரியரை மறந்துவிட்டார்கள்.

குவெரியர் வழக்கமாக 125 வினாடிக்கு ஒருமுறை, "இந்த ஓடை இன்னும் யாருக்காவது வேண்டுமா?" என்று கேட்கும். கேட்க ஆளில்லை என்றால் பதிலும் வராது. சுமார் 260 வினாடி ஆனதும் ஸ்விட்ச் அந்தப் போர்ட்டைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடும். படம் உறைந்து நிற்கும். அந்த விலானில் (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) மல்டிகாஸ்ட் ரூட்டர் இல்லையென்றால் ஒரு ஸ்விட்சிலேயே குவெரியரை இயக்குங்கள். அதே விலானில் அதற்கு ஓர் ஐபி முகவரியும் கொடுத்துவிடுங்கள். தொல்லை விட்டது என்று ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு கேமராவின் ஓடையும் பிரிண்டர் வரைக்கும் போய்ச் சேரும். 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளுக்கான மல்டிகாஸ்ட் மட்டும், ஸ்னூப்பிங் ஆனில் இருந்தாலும், எல்லாப் போர்ட்டுக்கும் போகும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சரி, பாதுகாப்பு. டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை (போலி சர்வர்கள் ஐபி முகவரி கொடுக்காமல் தடுக்கும் வசதி) ஆன் செய்யும் முன், ஐபி கொடுக்கும் சர்வர் இருக்கும் பக்கத்துப் போர்ட்டை 'டிரஸ்டட்' (நம்பகமானது) ஆக்குங்கள். நான் ஒருமுறை வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, புதிதாக வந்த எந்தக் கணினிக்கும் ஐபி கிடைக்காமல் அரை நாள் கேபிளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். போர்ட் செக்யூரிட்டியில் மேக் எண்ணிக்கையை (ஒரு போர்ட்டில் எத்தனை கருவிகளின் வன்பொருள் முகவரியை அனுமதிப்பது என்ற வரம்பு) 1 என்று வைத்தால், ஐபி போனுக்குப் பின்னால் கணினி மாட்டிய இடங்களில் போர்ட் முடங்கலாம். தூரத்திலிருந்து ஸ்விட்சுக்குள் நுழைய, மறையாக்கம் இல்லாத டெல்நெட்டை மூடிவிடுங்கள்; மறையாக்கம் உள்ள எஸ்எஸ்ஹெச் போதும்.

முடித்ததும் கான்ஃபிகை (செய்த அமைப்புகளை) சேமியுங்கள். சந்தேகம் கேட்பவர்கள் ஸ்விட்ச் மாடலையும் விலான் எண்ணையும் சேர்த்தே போடுங்கள். கடவுச்சொல் தெரியும் ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம்.