ஏழு பேர்ச்சுக்குள் ஒரு முற்றம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கொக்குவிலில் இரண்டு பரப்புக் காணியில் மகளுக்கு வீடு தொடங்கிவிட்டாய் என்று வாசித்ததும், உண்மையைச் சொன்னால், பொறாமைதான் வந்தது. இரண்டு பரப்பு என்றால் 20 பேர்ச். இங்கே தெஹிவளையில் நான் 7 பேர்ச்சுக்குள் ஒரு குடும்பத்தையே மடித்து வைக்கவேண்டியிருக்கிறது. சுமார் 1,900 சதுர அடி. அதிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில்தான் கட்டலாம். முன்னுக்கு இரண்டு கார் நிற்கவேண்டுமாம். மிச்சத்தில்தான் வீடு.

கட்டி விற்கிற ஒருவருக்காக இப்போது நாலு வீடு வரைகிறேன். வாங்க வருகிறவர்கள் போனில் படத்தோடுதான் வருகிறார்கள். முன்பு முதல் கேள்வி எத்தனை அறை என்பது. இப்போது பான்ட்ரி, அதாவது படத்தில் வருகிற மாதிரிப் புதுக் குசினி. ஹோலோடு சேர்ந்து திறந்தபடி இருக்கவேண்டும், நடுவில் ஒரு கல் மேடை வேண்டும். படத்தை நம்பி ஒருமுறை அப்படியே வரைந்து கொடுத்தேன். குடிபூரல் முடிந்து ஆறு மாதத்தில் போய்ப் பார்த்தால், பின்மதிலோடு தகரம் இறக்கி, அதற்குக் கீழே மீன் பொரிந்துகொண்டிருக்கிறது! பான்ட்ரியில் தேத்தண்ணீர் மட்டும். பிழை என்னுடையதுதான்.

அன்றிலிருந்து படத்தைப் பார்ப்பதில்லை. காலையில் முதலில் எழும்புவது யார், தேங்காய் எங்கே இருந்து திருவுவீர்கள், அம்மா யாரோடு இருக்கிறா என்று கேட்கிறேன். பின்னுக்கு ஒரு சின்னக் குசினி, அம்மாவுக்குக் கீழே அறை, படி தடக்காத குளியலறை, வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு மூலை, எல்லாம் அந்தப் பதில்களிலேயே வந்துவிடும். சாமி அறைக்கு மேலே மாடியில் கக்கூஸ் வரக்கூடாது என்பது மட்டும் இன்றைக்கும் மாறவில்லை. அந்த ஒன்றுக்காக எத்தனை தரம் மாடிப்படியை இடம் மாற்றினேன் தெரியுமா? எல்லாம் சரி வந்த பிறகு கனடாவில் இருந்து வாங்குகிறவரின் அண்ணன் வீடியோவில் வருவார். காசு அவருடையது. வீட்டுக்கு முன்வாசல் காணாது என்பார்.

நான் சொல்ல வந்தது வேறு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போதுதான் இந்த ஏசி அறைகளின் குட்டு வெளிப்பட்டது. ஜன்னல் இருந்தது, பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தபடி. காற்று உள்ளே வந்தாலும் வெளியேற வழி வேண்டாமா? இங்கே ஒழுங்கைகள் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகின்றன, அதனால் வீட்டின் ஒரு பக்கச் சுவர் முழுப் பின்னேர வெயிலையும் குடிக்கிறது. இரவில் அந்தச் சூட்டைத் திருப்பித் தருகிறது.

கட்டுபெத்தை வளாகத்தில் கட்டடக்கலை படித்த நாளில், எனா டி சில்வாவுக்காகக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பு அல்பிரட் பிளேசில் கட்டிய வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கீறினோமே, நினைவிருக்கிறதா? 1960களின் தொடக்கத்தில் கட்டியது. தெருவுக்கு மதில், உள்ளே நடுவில் முற்றம். "இது எங்கள் நாற்சார் வீடுதானே, இதைப் படிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று நீ கேட்டாய். பின்னர் அந்த வீட்டையே கழற்றி, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இந்த நாலு வீட்டிலும் ஆறடிக்கு எட்டடியில் ஒரு முற்றம் ஒளித்து வைத்திருக்கிறேன். முற்றம் என்று சொன்னால் நுளம்பு, டெங்கு என்கிறார்கள். பயம் நியாயமானதுதான். அதனால் மேலே வலை, கீழே தண்ணீர் தேங்காத சரிவு, தண்ணீர் தேங்கக்கூடிய கூரைப் பீலியே இல்லை. பிளானில் "வெளிச்சத்துக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். கட்டுகிறவருக்கு இன்னும் மனமில்லை. அந்த 48 சதுர அடியை அறையோடு சேர்த்தால் விலை கூட்டலாமே என்கிறார்.

ஒரு உதவி செய். உன் அப்பம்மாவின் பழைய வீட்டு முற்றத்தை அளந்து அனுப்பு. தாழ்வாரம் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஐப்பசி மழையிலும் அங்கே திண்ணையில் படுத்திருக்கிறோம், தூவானம் பட்டதாக ஞாபகமே இல்லை.

உன்,
பழைய கூட்டாளி