பத்திரிகை அடிக்கவில்லை, அதனால் இந்த மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் ஜெர்மனியில், டோர்ட்முண்ட் நகரத் திருமணப் பதிவு அலுவலகத்தில் எனக்குக் கல்யாணம். இரண்டாவது கல்யாணம். பத்திரிகை அடிக்கவில்லை. அடித்திருந்தால் பெரியப்பா, தாய்மாமன், சித்தப்பா மக்கள் என்று ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பட்டாளம் ஒன்று கீழே வரிசை கட்டியிருக்கும். அதில் பாதிப் பேர் என் முதல் கல்யாணம் முறிந்த பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்காதவர்கள். பெயர் போட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சிலர் “என் பேரை இழுக்காதே” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால் யார் பெயரும் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கல்யாணம் ஏன் முறிந்தது என்பதை எழுதப் போவதில்லை. அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. எனக்கு வலித்தது, ரொம்ப நாள் வலித்தது. அது போதும்.

முதல் நன்றி அப்பாவுக்கு. நகைகள் திரும்பி வந்த அன்று சாயங்காலம், கல்யாணத்தின்போது அம்மா சீர் எழுதி வைத்திருந்த நாற்பது பக்க நோட்டை விரித்து, ஒவ்வொரு உருப்படியையும் கோரைப்பாயில் வைத்துப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்தார். தெருவே கூடி நின்று “அடுத்த மாப்பிள்ளைக்கு ஆகும், பத்திரமா வைங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தது. எல்லோரும் போன பிறகு அப்பா கேட்டார்: “ஏட்டி, இதுல எதை வித்தா நீ அந்த ஜெர்மன் கிளாசுக்குப் போலாம்?” என்னோடு ஐசியூவில் வேலை பார்த்த பெண் ஒருத்தி ஜெர்மனிக்கு நர்சாகப் போயிருக்கிறாள் என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்திருக்கிறார். ஆரத்தை விற்றோம். அம்மா அன்று என்னோடு பேசவில்லை, மறுநாள் பெட்டி அடுக்கிக் கொடுத்தாள்.

நுங்கம்பாக்கம் ஹாஸ்டலில் கூட இருந்த பிள்ளைகளுக்கும் நன்றி. ராத்திரி ஒன்பது மணிக்கு என் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவீர்கள். பழைய போட்டோக்களைப் பார்க்காமல் நான் ஜெர்மன் மொழியில் பி2 நிலைப் பரீட்சை பாஸ் செய்ததில் பாதிப் பங்கு அந்தப் பீரோவுக்கு.

வக்கீல் அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மதம் என்றால் மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். தகுந்த வழக்குகளில் அந்தக் காத்திருப்பைக் கோர்ட்டே தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் சுப்ரீம் கோர்ட் சொன்னதை எடுத்துக் காட்டியது நீங்கள்தான். அதைவிடப் பெரிய உதவி, தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் டீ குடித்துக்கொண்டே போனில் சொன்ன ஒரு வரி: “சான்றொப்பம் போட்ட நகல் நாலஞ்சு சேர்த்தே வாங்கிக்கோம்மா, எந்த ஊர்ல எவன் கேப்பானோ.” கேட்டார்கள் அக்கா. எல்லோரும் கேட்டார்கள்.

ஜெர்மனிக்கு வந்து இறங்கியதும் பெருமை கொஞ்சம் அடிபட்டது. ஊரில் வென்டிலேட்டர் பார்த்த கை. இங்கே சான்றிதழை அங்கீகரித்து முடிக்கும்வரை உதவியாளர் சம்பளம், உதவியாளர் வேலை. அங்கீகாரம் வந்தாலும் இங்கே நர்ஸ்தான் நோயாளியைக் குளிப்பாட்ட வேண்டும். நம் ஊரில் அதை ஆயாம்மாவோ வீட்டு ஆட்களோ பார்த்துக்கொள்வார்கள். முதல் வாரம் ஒரு பெரியவரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் நிற்கவில்லை, அவர் பார்க்காமல் இருக்கட்டும் என்று பின்னாலேயே நின்றேன். டோர்ட்முண்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கம், 1987இல் மூடிய ‘மினிஸ்டர் ஷ்டைன்’, அங்கே வேலை செய்தவர். திரும்பிப் பார்க்காமலேயே பாடம் எடுக்க ஆரம்பித்தார். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் மூன்றில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வரும்: முதுகுக்கு ‘டெர்’, கைக்கு ‘டி’, முழங்காலுக்கு ‘டாஸ்’. தினமும் ஒரு உறுப்பு. தப்பாகச் சொன்னால் சோப்பு நுரையோடு ஒரு விரல் மேலே எழும்பும். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது சுரங்கக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ‘க்ளுக் அவுஃப்’ சொல்லிவிட்டுப் போனார். தாத்தாவுக்குத் தமிழ் தெரியாது, இதைப் படிக்கப் போவதுமில்லை. இருந்தாலும் அவருக்கும் ஒரு நன்றி.

குடும்பநல நீதிமன்றத்தில் வீடியோவில் ஆஜராக வேண்டிய நாளில் எனக்குக் காலை ஷிஃப்ட். தலைமை நர்சிடம் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. “சொந்த விஷயமா? நீ சொல்லத் தேவையில்லை” என்று டூட்டி சார்ட்டில் என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு லீவு என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

இனி மாடி வீட்டு அக்கா. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். முதல் டிசம்பரில், நாலரை மணிக்கெல்லாம் இருட்டிய ஒரு நாள், மெல்லிய ஜாக்கெட்டோடு படியேறிய என்னை மறித்து, “பிள்ளை, இந்தக் கோட்டைப் போடும். குளிர் ஆளைப் பாக்காது” என்று கையில் திணித்தார். சாப்பாடு வந்தது, கம்பளி வந்தது, குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்ற பாடம் வந்தது. கேள்வி மட்டும் வரவில்லை. ஹாம் நகரில் உள்ள காமாட்சி அம்பாள் கோயிலுக்கு என்னை முதலில் கூட்டிப்போனதும் அவர்தான். அன்னதானப் பந்தியில் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், “இந்தியாவோ? கலியாணம் கட்டினனீங்களோ? பிள்ளையள்?” என்று அடுக்க ஆரம்பித்ததும் அக்கா கரண்டியோடு குறுக்கே வந்து, “அவவின்ர கதை அவவுக்கு. நீங்கள் இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ” என்றார். எனக்காக வாதாடிய வக்கீலுக்குப் பீஸ் கொடுத்தேன். இவருக்கு என்ன கொடுப்பது?

கொஞ்சம் தெம்பு வந்த பிறகு துணை தேட ஆரம்பித்தேன். ஊரில் தரகர், “ரெண்டாந்தாரம்னா அனுசரிச்சுப் போகணும்மா” என்று தொடங்கியபோதே போனை வைத்திருக்க வேண்டும். மேட்ரிமோனி தளத்தில் ‘இன்னொசன்ட் டைவர்ஸி’ என்று போடச் சொன்னவர்களும் உண்டு. மற்றவர்களெல்லாம் குற்றவாளிகளா? என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர் ஒருவர் முதல் போனிலேயே என் மணிக்கூலி எத்தனை யூரோ, ராத்திரி ஷிஃப்டுக்குக் கூட எவ்வளவு என்று கணக்குக் கேட்டார். நல்ல கணக்குப்பிள்ளை வேலைக்குப் பொருத்தமானவர்.

அதிலிருந்து என்னை இழுத்து வெளியே போட்டது வார்டில் கூட வேலை செய்யும் கோட்டயத்துத் தோழி. டேட்டிங் ஆப்பில் என் விவரங்களை அவள்தான் ஜெர்மனில் எழுதினாள். விவாகரத்தானவள் என்பதை முதல் வரியிலேயே போட்டாள். “ஓடுறவன் இப்பவே ஓடட்டும், மூணாவது காபிக்கு அப்புறம் ஓடினா உனக்குத்தான் நஷ்டம்.” பகலில் சந்திக்க வேண்டும், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சந்திக்க வேண்டும், அவளுக்கு லொகேஷன் அனுப்ப வேண்டும். அவள் போட்ட சட்டம் அவ்வளவுதான். இந்திய அரசியல் சட்டத்தைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

எஸன் நகரில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் ஒரு நன்றி உண்டு. இரண்டாம் சந்திப்பிலேயே, “நான் இன்னும் பழசுல இருந்து வெளியே வரலைங்க, உங்க நேரத்தை வீணாக்க விரும்பல” என்றீர்கள். அன்று ராத்திரி கொஞ்சம் அழுதேன், ஆனால் காலையில் மரியாதைதான் மிச்சம் இருந்தது. பிறகு ஒரு ஜெர்மன் வாத்தியாரோடு சில காலம் பழகினேன். (அம்மா, இதைப் படித்துவிட்டுப் போன் பண்ண வேண்டாம்.) ஒத்துவரவில்லை. உட்கார்ந்து பேசினோம், கை குலுக்கிப் பிரிந்தோம். பஞ்சாயத்தும் சாபமும் இல்லாமல் ஒரு உறவு முடியலாம் என்பதே எனக்குப் புது அனுபவம். அதற்குப் பிறகுதான் அடுத்தவரைச் சந்திக்கப் பயம் விட்டது.

அந்த அடுத்தவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த ஈழத்துப் பிள்ளை, வீடுகளுக்கு ஹீட்டிங் போடும் வேலை. ஃபீனிக்ஸ் ஏரிக்கரையில் சந்தித்தோம். முதல் சந்திப்பில் மனுஷன் என்ன பேசினார் தெரியுமா? அந்த ஏரி முன்பு இரும்பாலையாக இருந்ததாம், 2001இல் மூடி, ஆலையைப் பிரித்துச் சீனாவுக்கு விற்றார்களாம், பள்ளம் தோண்டி 2010இல் தண்ணீர் விட ஆரம்பித்தார்களாம். ஏரியை முழுச் சுற்றுச் சுற்றி முடித்தும் ஆலை முடியவில்லை. தோழிக்கு “ஆபத்தில்லாத ஆள், கொஞ்சம் அறுவை” என்று மெசேஜ் அனுப்பினேன்.

முதல் கல்யாணத்தைப் பற்றி அவராக ஒருநாளும் கேட்கவில்லை. நானாகச் சொன்ன நாளில் முழுதும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, “இதில எது உமக்குத் திரும்ப நடக்கக் கூடாது எண்டு சொல்லும். நான் ஞாபகம் வச்சிருக்கிறன்” என்றார். சொன்னேன். இன்றுவரை ஞாபகம் வைத்திருக்கிறார்.

அவரையும் அவர் குடும்பத்தையும் மாடி வீட்டு அக்காவுக்கு முன்பே தெரியும் என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. “உவனைச் சின்னனிலயிருந்து தெரியும். நான் நல்லது சொன்னாலும் கூடாது சொன்னாலும் அது என்ர முடிவாப் போயிடும். அதான் வாய் திறக்கேல்ல” என்றார். சம்பந்தம் பேசுவதென்றால் நம்மில் யாருக்குத்தான் நாக்கு அரிக்காது? அந்த அக்கா மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்திருக்கிறார்.

காகித வேலையில் கைகொடுத்த பதிவு அலுவலகப் பெண்மணிக்கும் நன்றி. நானும் முதல் கணவரும் இந்தியக் குடிமக்கள், தீர்ப்பும் இந்தியக் கோர்ட்டு, அதனால் என் விவாகரத்துக்கு இங்கே தனி அங்கீகாரம் தேவையில்லை என்று விளக்கினார். ஆனால் வெளிநாட்டவர் இங்கே கல்யாணம் செய்ய, தடையில்லை என்று சொந்த நாடு தரும் சான்றிதழ் வேண்டும். இவர்கள் கேட்கும் விதத்தில் இந்தியா அதைத் தருவதில்லை. அதற்கு விலக்குக் கொடுக்க வேண்டியது ஹாமில் உள்ள மேல்நிலை நீதிமன்றத்தின் தலைவர். அம்பாளும் ஹாம், கோர்ட்டும் ஹாம் என்றதும் மாடி வீட்டு அக்கா, “பிறகென்ன, அவ பாத்துக்கொள்ளுவா” என்று முடித்துவிட்டார். விலக்கு வந்த வாரம் நேர்த்திக்கடன் தீர்க்கப் போனோம். தொழிற்பேட்டை நடுவில், லாரிகள் நிற்கும் சாலையைத் தாண்டி, 17 மீட்டர் கோபுரம். 2002இல் குடமுழுக்கு ஆனது. கோடையில் தேருக்கு அங்கே நிற்க இடம் கிடைக்காது. அன்று வெறும் செவ்வாய்க்கிழமை, நிதானமாகக் கும்பிட்டேன்.

அவருடைய அம்மா, என் மாமிக்கு ஒரு நன்றி சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் அப்பாவுக்கு முதல் தடவை போன் செய்து, “நகை ஒண்டும் கொண்டுவராதேங்கோ, பிளேனில சும்மா பாரம்” என்றீர்கள். அப்பா வெகுநேரம் பதில் பேசவில்லை, லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீங்கள் ஹலோ ஹலோ என்று கத்தினீர்களே, லைன் கட்டாகவில்லை மாமி.

மொய் வேண்டாம். கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஜெர்மன் படிக்கக் காசில்லாமல் நிற்கும் ஏதாவது நர்ஸ் பிள்ளைக்குப் பீஸ் கட்டிவிடுங்கள். ரசீது எனக்கு அனுப்ப வேண்டாம்.

அம்மா, உனக்கு மட்டும் தனியாக: விசா வந்துவிட்டது, இனி பெட்டி. நெய் கூடாது, பால்கோவா கூடாது, பால் சாமான் எதுவும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், பிடித்தால் அங்கேயே குப்பையில் போடுவார்கள். உப்புக்கண்டமும் அப்படித்தான். கருவாட்டுக்கு மட்டும் ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் அனுமதி உண்டு. அதற்காக இருபது கிலோவும் கட்டிவிடாதே. நெத்திலி ஒரு கிலோ, சீலா அரைக் கிலோ போதும், மாமிக்கும் சேர்த்து.