ஆன்மசோதனைத் தாளில் இல்லாத பாவங்கள்: வன்னிப் பங்குகளின் சுவாமிமாருக்கு ஒரு திறந்த மடல்

மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய இரு மறைமாவட்டங்களின் கீழ் வன்னியில் பணியாற்றும் மதிப்புக்குரிய சுவாமிமாருக்கு,

அடுத்த தவக்காலத் தியானத்துக்குப் போதகர்களை ஒழுங்குசெய்யும்போது தயவுசெய்து ஒன்றைச் சொல்லிவையுங்கள். முள்ளிவாய்க்கால் எங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று எங்கள் ஆலயங்களில் இனி எவரும் பிரசங்கிக்கக்கூடாது. அந்தப் பேச்சு பெந்தகொஸ்தே சபைக் கூட்டங்களில்தான் கேட்கும் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு. வெளியிலிருந்து வரும் எங்கள் போதகர்கள் சிலரும், குணமளிக்கும் வழிபாடு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து இதைச் சொல்லிவிட்டு, அன்று பின்னேரமே வான் ஏறிப் போய்விடுகிறார்கள். பிள்ளையைப் புதைக்கவும் அவகாசமில்லாமல் விட்டுவந்த தாய் முன்வரிசையில் இருந்து அதைக் கேட்கிறார்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் அவர்களுக்குத் தெரியாததா? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட இவர்கள் பெரிய குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்ட இயேசு, தாமே இல்லை என்றும் சொல்கிறார். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைப் பற்றிச் சீடர்கள் கேட்டபோதும் அவர் செய்த பாவமுமில்லை, பெற்றோர் செய்த பாவமுமில்லை என்பதே பதில். பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த நிலத்தில் எறிகணை விழுந்தால் அதற்கு எறிந்தவனே பொறுப்பு. அதைத் தேவகோபம் என்பது எறிந்தவனுக்குச் செய்யும் உபகாரம்.

ஆனால் சீலோவாம் பேச்சு அதோடு முடியவில்லை. மனம் மாறாவிட்டால் நீங்கள் அனைவரும் அப்படியே அழிவீர்கள் என்பது அடுத்த வார்த்தை. செத்தவர்களை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டு நின்றவர்கள் பக்கம் திரும்புகிறார் ஆண்டவர். நான் இந்த மடலை எழுதுவது அந்த வார்த்தைக்காகத்தான்.

பெரிய வெள்ளிக்கு முந்திய நாட்களில், பாவசங்கீர்த்தனத்துக்கு முன் பாவங்களை நினைத்துப் பார்க்கவென்று கைக்குக் கை மாறும் ஆன்மசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். ஞாயிறு பூசைக்குத் தவறினேனா? பெற்றோரை மதிக்காமல் நடந்தேனா? பொய் சொன்னேனா? கொழும்பிலும் தூத்துக்குடியிலும் இதே தாளைக் கொடுக்கலாம். இங்கே மனங்களை அரித்துக்கொண்டிருப்பவை வேறு. இடப்பெயர்வில் பூட்டிக் கிடந்த வீட்டின் கதவுநிலையையும் கூரைத் தகரத்தையும் கழற்றியது. புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு நாட்களில் தன் பிள்ளையை ஒளித்துவைத்துக்கொண்டு அயல்வீட்டுப் பிள்ளை இருந்த இடத்தைக் காட்டியது. பிடித்துக்கொண்டு போக வந்தவர்களில் ஒருவராக நின்றது. பட்டினி நாட்களில் அரிசியைப் பதுக்கி, நகையை வாங்கிக்கொண்டு விற்றது. போர் முடிந்து எங்களை அடைத்துவைத்த செட்டிக்குளம் முகாமில் இன்னார் புலி என்று விரல் நீட்டியது. எல்லோரும் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்தவர்களும் எங்களோடு பூசைக்கு வருகிறார்கள். அவர்களில் சிலர் வருடக்கணக்காக நன்மை (நற்கருணை) எடுக்காமல் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போகிறார்கள். அவர்களை யாராவது கேட்டீர்களா?

பாவமே செய்யாமல் பாவி என்று தன்னைத் தண்டித்துக்கொண்டிருப்பவர்களும் இதே பங்குகளில் இருக்கிறார்கள். நடக்க முடியாத தகப்பனைப் பதுங்குகுழியில் விட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். போரின் கடைசி நாட்களில் வட்டுவாகலைக் கடந்த சனநெரிசலில் மகளின் கையைத் தவறவிட்டவர். சாவான பாவத்துக்கு மூன்று வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். குண்டு விழும்போது எங்கே முழுச் சம்மதம்? இவர்களுக்கு மூன்று அருள்நிறை மந்திரத்தைப் பிராயச்சித்தமாகக் கொடுத்து அனுப்பினால், செய்யாத குற்றத்தை உறுதிப்படுத்தி அனுப்புகிறீர்கள். அவர்களுக்கு முதலில் குருவின் வாயால் கேட்க வேண்டியது இது உன் குற்றமில்லை என்பது. பிறகு தேவையானால் உளவளத் துணையாளரிடம் அனுப்புங்கள். ஒருவருடைய வேலையை மற்றவர் செய்ய முடியாது.

தனியாள் பாவங்கள் மட்டும் என்று நின்றுவிடவும் முடியவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000இற்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி மக்களும் அப்படிப் போனவர்கள்தான். உத்தரவு போட்டது நாங்கள் இல்லை, உண்மை. அவர்கள் விட்டுப்போன சாமான்கள் எங்கே போயின என்று எந்தத் தவக்காலத்தில் பேசினோம்? 1977 வன்செயலுக்குத் தப்பி வந்து கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் குடியேறிய மலையக மக்களை இன்னும் இளக்காரமாக ‘வடக்கத்தியான்’ என்கிற வாய்களில் சில, ஞாயிறு வாசகமும் வாசிக்கின்றன.

2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மருதமடு அன்னையின் திருத்தலத்துக்கு வந்தார். அந்த நாளின் படங்கள் பல வீடுகளில் சட்டமிட்டுத் தொங்குகின்றன. நாம் செய்யக்கூடிய தீமையையும், நாமே பங்குகொண்ட தீமையையும் சிலுவையின் ஒளியில் கண்டுகொள்ளும்போதுதான் மெய்யான மனத்துயர் வரும் என்று அன்று அவர் சொன்னதை யாரும் சட்டமிடவில்லை.

இப்படிப் பேசினால் அரசு அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும், எனக்கும் உண்டு. அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப் ஆண்டகை 2011 ஜனவரியில் அரசின் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த, போரின் முடிவில் கணக்கில் வராமல்போன 1,46,679 பேரைப் பற்றிய கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. அதைக் கேட்பதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். தான் கழற்றிய தகரத்தை ஒருவன் ஒத்துக்கொள்வதால் அந்த எண்ணிக்கையில் ஒன்றும் குறையாது. பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் காக்கும் திருச்சபைச் சட்டம் எந்தப் புலனாய்வுக்காரனுக்கும் வளையாது என்பதைச் சனத்துக்குச் சத்தமாகச் சொல்லுங்கள். இங்கே அதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றியும் பேசுங்கள். சக்கேயு நாலு மடங்காகத் தருகிறேன் என்றார். பாவமன்னிப்பு பாவத்தை நீக்கினாலும் பாவம் விளைவித்த சீர்கேடுகளையெல்லாம் சரிசெய்துவிடாது என்று கத்தோலிக்க மறைக்கல்வியின் 1459ஆம் எண் சொல்கிறது. அரிசிக்காக நகையைக் கொடுத்தவர் உயிரோடு இருந்தால் நகை அவரிடம் போகவேண்டும். இல்லையென்றால் அவருடைய பிள்ளைகளிடம். நேரே போகக் கூச்சமென்றால் சுவாமி கையில் கொடுத்தனுப்பலாம். பெயர் சொல்லத் தேவையில்லை.

இனி நடைமுறை. பங்கு சிறியது, குரலைக் கேட்டாலே ஆளைத் தெரியும். சொந்தப் பங்குச் சுவாமியிடம் இவற்றைச் சொல்லச் சனம் கூசும். ஆகவே முல்லைத்தீவுக்கு மன்னாரிலிருந்தும், மடுப் பக்கத்துக்குக் கிளிநொச்சியிலிருந்தும் குருக்களை மாற்றி அனுப்புங்கள். குருத்தோலை ஞாயிறுக்குப் பின் நூறு பேர் வரிசையில் நின்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். இத்தனை வருடமாகச் சுமந்ததை இரண்டு நிமிடத்தில் யார் இறக்குவது? தவக்காலம் தொடங்கும் வாரத்திலேயே, தியானமும் ஒலிபெருக்கியும் இல்லாத ஒரு சாதாரண நாளில், காலையிலிருந்து மாலைவரை ஒரு குரு இருக்கட்டும். தாளைப் புதிதாக எழுத ஆள் வேண்டுமென்றால், மறையாசிரியர்கள் நாங்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். திருநீற்றுப் புதனுக்கு ஒரு மாதம் முன்பாவது கூப்பிடுங்கள். அச்சுக்குக் கொடுக்க நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டப் பங்கொன்றின் மறையாசிரியை