சுரங்கப்பாதைக்கு ஒரு பலகை: கைமன் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அர்ஜென்டினாவின் சுபூத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் நம் கைமன் ஊரில், இந்த ஆண்டு வேலை பெரும்பாலும் பழைய ரயில் சுரங்கப்பாதைக்கு வைக்கப்போகும் விளக்கப் பலகையைச் சுற்றியே நடந்தது. ஒரு பலகைக்கு ஒரு வருடமா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

ஊருக்கு வருகிறவர்கள் தேநீர் விடுதியில் கேக் சாப்பிடுகிறார்கள். அப்புறம் 1914இல் குன்றைக் குடைந்து போட்ட அந்தப் பாதையில் நடந்து, மறுபக்கம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ரயில் எதற்காக இங்கே வந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதே செயற்குழுவின் எண்ணம்.

வாசகத்தின் முதல் பாதியில் சிக்கல் இல்லை. 1865இல் மிமோசா கப்பலில் வந்த வேல்ஸ் குடியேறிகள் சுபூத் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கோதுமை விளைவித்தார்கள். விளைந்ததை விற்கத்தான் வழியில்லை. முகத்துவாரத்தில் மணல்திட்டு, பெரிய கப்பல் நுழைய முடியாது. நல்ல துறைமுகம் இருந்தது கடற்கரை ஊரான மாட்ரினில், நடுவே 70 கிலோமீட்டர் வறண்ட மேட்டுநிலம். அதைக் கடக்க ரயில் பாதை போடக் குடியேறிகளின் தலைவர்களில் ஒருவரான லூயிஸ் ஜோன்ஸ் முன்னின்று முயன்றார். 1886இல் பாதை போடும் வேலைக்காக வெஸ்டா கப்பலில் 465 பேர் வந்து இறங்கினார்கள், 1888இல் பாதை முடிந்தது. தண்டவாளம் வந்து நின்ற இடத்தில் ட்ரெலியூ என்ற ஊர் முளைத்தது. நம் ஊரில் முதல் வீடு எழும்பியது 1874இல். மூத்த ஊர் நாம்தான், ஆனாலும் ரயிலுக்கு இருபது ஆண்டு போலக் காத்திருந்தோம். அதற்குள் ட்ரெலியூ முந்திவிட்டது. அந்த வருத்தம் இன்னும் சிலருக்குப் போகவில்லை, எனக்கும்தான்.

சுரங்கம் வெட்டியதே பாதையைப் பள்ளத்தாக்கின் மேற்பக்கம் கொண்டுபோகத்தான். 1915இல் டோலவோன் வரை ரயில் போனது, பின்னாளில் லாஸ் பிளூமாஸ் வரை. ஆண்டிஸ் மலை வரை போகும் என்ற பேச்சு பேச்சாகவே நின்றது. மலையடிவார ஊரான எஸ்கெலுக்கு 1945இல் வந்த ரயில் வடக்கே ஹகொபாச்சியிலிருந்து வந்தது.

பலகை வாசகத்தில் தகராறு 1961 பற்றித்தான். அந்த ஆண்டு பாதை மூடப்பட்டதைப் பலகையில் எழுத வேண்டாம், வருகிறவர்களுக்கு எதற்குச் சோகக்கதை என்றார்கள் சிலர். எழுத வேண்டும் என்பது என் கட்சி. சாலையும் லாரியும் வந்தபின் சரக்கு ரயிலை விட்டு நகர்ந்தது. அதையும் சொல்லாமல் ரயில் நிலையம் ஏன் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது என்று எப்படி விளக்குவது? 1899 வெள்ளத்துக்குப் பின் பள்ளத்தாக்கு பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆற்றைக் கட்டுப்படுத்திய அமெகினோ அணை முடிந்தது 1963இல். ஆறு அடங்கியபோது ரயில் இல்லை. வாக்கெடுப்பில் 1961 பலகையில் ஏறியது, ஒரே வரியில். சரி, அதுவாவது கிடைத்தது.

பலகை நட அனுமதி கேட்ட கடிதத்துக்குச் சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. புதிய செயற்குழு தொடர்ந்து கேட்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. மிமோசா குடியேறிகள் தரையிறங்கிய நாளான ஜூலை 28 தேநீர் விருந்து வழக்கம்போல் நடந்தது, குளிர்காற்றிலும் கூட்டம் குறையவில்லை. சிறுவயதில் ரயிலில் போன பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். இது தள்ளிப்போடக்கூடிய வேலை இல்லை. பழைய பயணச்சீட்டு, சரக்குச் சீட்டு, புகைப்படம் எதுவும் வீட்டில் இருந்தால் நகலெடுக்கக் கொடுங்கள், அசலைத் திருப்பித் தந்துவிடுவோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்